வாங்கிய போனில் பாதி இன்னும் திறக்கவில்லை



மேலே படிப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை. போனை எடுத்து, யாருக்கோ பேசப் போவதுபோல எண் பலகையைத் திறந்து *#06# என்று அடியுங்கள். பச்சைப் பொத்தானைத் தொடவே வேண்டாம். கடைசிக் குறி விழுந்ததும் 15 இலக்கத்தில் ஓர் எண் திரையில் வந்து நிற்கும். இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டு எண்கள். அதுதான் ஐ.எம்.இ.ஐ. உலகத்தில் உங்கள் போனுக்கு மட்டுமே உரிய எண்.

அந்த எண்ணுக்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. முதல் 8 இலக்கம் எந்த மாடல் என்று சொல்லும். அடுத்த 6 அந்த மாடலில் இது எத்தனையாவது போன் என்பதற்கான வரிசை எண். கடைசியில் தனியாக நிற்கும் ஓர் இலக்கம் காவல்காரன். முன்னால் உள்ள எதையாவது தப்பாக எழுதினால் அது காட்டிக்கொடுத்துவிடும். சோதித்துப் பார்க்க ஒரு துண்டுத்தாள் போதும். இடமிருந்து இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று இரட்டை இடங்களில் நிற்கும் ஏழு இலக்கங்களையும் இரண்டால் பெருக்குங்கள். விடை இரண்டு இலக்கமாக வந்தால் அந்த இரண்டையும் கூட்டி ஒன்றாக்குங்கள். 14 வந்தால் 5, 18 வந்தால் 9. மீதி எட்டு இலக்கங்களை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கூட்டுங்கள். விடை பூஜ்யத்தில்தான் முடியும். முடியாவிட்டால் ஒன்று உங்கள் கூட்டலில் பிசகு, இல்லையென்றால் போனில் பிசகு!

ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்ற பொறியாளர் 1954-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கணக்கு இது. 1960-ல் காப்புரிமை கிடைத்தது. உங்கள் ஏ.டி.எம். கார்டின் 16 இலக்கமும் இதே கணக்கில்தான் நிற்கிறது. அதில் ஒற்றை இடங்களை இரட்டிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் உள்ள எல்லாப் போனையும் வாங்கிக் கணக்குப் போடும். கார்டை மட்டும் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

வேடிக்கை இருக்கட்டும். அந்த எண்ணை இப்போதே போன் வாங்கிய பில்லின் பின்புறத்தில் எழுதி வையுங்கள். பில்லைத் தொலைத்தவர்கள் வீட்டுக் காலண்டரில் எழுதுங்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கிப்போய், இறங்கும்போது போனை சீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. தொலைந்தால் செய்ய வேண்டியது மூன்று. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குவது, பழைய எண்ணுக்கே புது சிம் எடுப்பது, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த 15 இலக்கத்தைக் கொடுத்து போனை முடக்கச் சொல்வது. 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுவதும் இந்த வசதி இருக்கிறது. முடக்கிய போனில் யார் எந்த சிம்மைப் போட்டாலும் வேலை செய்யாது. போட்டுப் பார்த்த தகவல் காவல்துறைக்குப் போகும்.

பழைய போன் வாங்குகிறவர்களுக்கும் இதே எண்தான் துணை. குறுஞ்செய்தியில் கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடம் விட்டு, 15 இலக்கத்தையும் அடித்து, 14422 என்ற எண்ணுக்கு அனுப்புங்கள். முடக்கப்பட்ட போனா, போலி எண்ணா என்று பதில் வரும். காசு கொடுப்பதற்கு முன், கடைக்காரர் எதிரிலேயே அனுப்புங்கள். நேர்மையான கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நம் ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்வதில் எனக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. மணிமங்கலத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும், போனும் கணினியும் செய்கிற ஓர் ஆலையின் மதில் சுவர் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது; 2014 நவம்பரில் மூடியது. அந்தக் கட்டடத்தை வாங்கிய சால்காம்ப் அங்கே சார்ஜர் செய்கிறது. 2007-ல் டெல் கணினி ஆலை வந்தது, அதே ஆண்டு சாம்சங். சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான். 2022-ல் ஐபோன் 14 உலகச் சந்தைக்கு வந்த அதே மாதத்தில் அதைச் சேர்க்கும் வேலை நம் மாவட்டத்திலும் தொடங்கிவிட்டது. அந்த லைன்களில் நிற்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் தங்குவதற்காக வல்லம் வடகாலில் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பேருக்கு இடம்.

ஒரு திருகாணியை எத்தனை அழுத்தத்தில் முறுக்க வேண்டும் என்பது தெரிந்த கைகள் இவை. அதே கைகள், தங்கள் சொந்த போனில் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வந்தால் கடைக்காரரிடம் ஓடுகின்றன. இதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. லைனில் நிற்பவருக்கு ஒரு பாகத்தைத்தான் காட்டுகிறார்கள், முழுப் பொருளையும் யாரும் காட்டுவதில்லை. வாங்குகிறவருக்கும் அப்படியே: கடைக்காரர் டெம்பர் கிளாஸ் ஒட்டிக் கொடுப்பார், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல அவருக்கு நேரம் கிடையாது. காசு கொடுத்து வாங்கிய பொருளில் பாதி வசதி திறக்காமலே கிடக்கிறது. புதிதாக எதையும் வாங்க வேண்டாம், புதிதாக எந்த ஆப்பும் போட வேண்டாம், இருப்பதைத் திறப்போம் என்பதுதான் இந்த மாதம் நான் சொல்ல வந்தது.

ஸ்டோரேஜிலேயே ஆரம்பிப்போம். போன் நிறைந்துவிட்டது என்றதும் பலர் 'கிளீனர்' என்று பெயர் வைத்த ஆப் ஒன்றைப் போடுகிறார்கள். விளம்பரம் காட்டுவதுதான் அதன் முதல் தொழில். போனை நிரப்புவது பெரும்பாலும் வாட்ஸப்பில் வந்த காலை வணக்கமும் கல்யாண வீடியோவும்தான். வாட்ஸப்பின் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்பதைத் தொடுங்கள். பலமுறை ஃபார்வர்ட் ஆனவை ஒரு குவியல், 5 எம்.பி.க்கு மேல் பெரியவை ஒரு குவியல் என்று அதுவே பிரித்து வைத்திருக்கும். முதல் குவியலைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம் என்பது என் கருத்து. இரண்டாவதை மட்டும் பார்த்து அழியுங்கள், பேரன் முதல் அடி வைத்த வீடியோ அதில் கிடக்கும். ஆப்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. அதனால் பேட்டரி மிச்சமாவதில்லை. மூடியதை மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் கூடுதலாகச் செலவாகும்.

பேட்டரிக்கு உண்மையான எதிரி சூடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாடகை அறையில், சித்திரை மாதத்தில், தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போட்டால் எந்த நாட்டு பேட்டரியும் தாங்காது. லித்தியம் அயான் பேட்டரிக்கு முழு வயிற்றோடு நெடுநேரம் இருப்பதும் பிடிக்காது. அதனால்தான் ஐபோன் 15 முதலான மாடல்களிலும், பல ஆண்ட்ராய்டு போன்களிலும், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி செட்டிங்ஸின் பேட்டரி பகுதியிலேயே இருக்கிறது. மேசையை விட்டு நகராத லேப்டாப்பிலும் இதைத் தேடிப் பாருங்கள்.

போனை பைக் ஹேண்டிலில் மாட்டி வழி பார்க்கிற தம்பிகளுக்கு ஒரு செய்தி. சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு, ஹேண்டில் வழியாக நேரே போனுக்கு ஏறினால், கேமரா ஆடாமல் படம் பிடிப்பதற்காக உள்ளே வைத்திருக்கும் நுட்பமான அமைப்பு நாளடைவில் கெடலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரிக்கை வெளியிட்டது. அதிர்வுக்குப் பேர்போன ராயல் என்ஃபீல்டு ஓரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தயாராகிறது. ஐபோன் சுங்குவார்சத்திரத்தில். இரண்டும் ஒரே வட்டாரத்தில் பிறந்தும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, பாருங்கள்! அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த பிடிப்பான் வாங்குங்கள். அதைவிட நல்லது, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காதில் வழி கேட்பது.

இனிப் பணம். இதில் வேடிக்கைக்கு இடமில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். யு.பி.ஐ.யில் பின் எண் என்பது பணம் கொடுப்பதற்கு மட்டும். வாங்குவதற்குப் பின் எண்ணும் வேண்டாம், கியூ.ஆர். ஸ்கேனும் வேண்டாம். 'உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், பின் போட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று யார் சொன்னாலும் அவர் திருடர். வாட்ஸப்பில் கல்யாணப் பத்திரிகை, வங்கி அறிவிப்பு, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு வந்தால் தொடாதீர்கள். பத்திரிகை படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரும், ஆப்பாக வராது. தொட்டால் உங்கள் ஓ.டி.பி. எல்லாம் வேறொருவர் கைக்குப் போகும். கம்பெனியில் வேலை வாங்கித் தருகிறோம், முதலில் யூனிஃபார்முக்கும் பயிற்சிக்கும் பணம் கட்டுங்கள் என்று வரும் செய்தியும் அதே ரகம். பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் அந்த நிமிடமே 1930-க்குப் பேசுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால், போன கணக்கிலேயே பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. மறுநாள் விடிந்தபின் சொன்னால் அது நான்கைந்து கணக்குகள் தாண்டியிருக்கும்.

காண்ட்ராக்டில் வேலை செய்கிறவர்கள் கேட்க வேண்டிய இன்னொன்று உண்டு. சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் மாதாமாதம் காட்டும். பிடித்த பணம் உங்கள் கணக்கில் விழுந்ததா? பதிவு செய்த உங்கள் செல்போனிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். இரண்டு முறை மணி அடித்துத் தானே நின்றுவிடும், காசும் பிடிக்காது. கடைசியாகச் செலுத்திய தொகையும் இருப்பும் குறுஞ்செய்தியில் வரும். உங்கள் பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். எண் இயக்கத்தில் இருக்க வேண்டும், ஆதார், பான், வங்கிக் கணக்கு இவற்றில் ஒன்றாவது அதோடு இணைந்திருக்க வேண்டும். இந்த இதழில் நான் சொல்லும் எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள்.

அலுவலகத்திலும் ஸ்டோர்ஸிலும் டிஸ்பாட்சிலும் கணினி முன் உட்காரும் வாசகர்கள் காத்திருப்பீர்கள். உங்களுக்கும் அந்த யூ.ஏ.என்.தான் தலைவலி. 12 இலக்க எண்ணை எக்செலில் அடித்தால் 1.01-க்குப் பின்னால் ஈ, கூட்டல் குறி, 11 என்று எதையோ காட்டும். 16 இலக்கக் கார்டு எண்ணை அடித்தால் இன்னும் மோசம்: எக்செல் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும், கடைசி இலக்கத்தைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். பூஜ்யத்தில் தொடங்கும் பணியாளர் எண்ணின் முன்பூஜ்யத்தைத் தின்றுவிடும். மூன்றுக்கும் ஒரே மருந்து. எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைப் போடுங்கள், அல்லது அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். கூட்டிக் கழிக்கப் போகாத எண் எதுவாக இருந்தாலும் எழுத்தாகத்தான் வைக்க வேண்டும்.

பெயரும் பணியாளர் எண்ணும் ஒரே கட்டத்தில் ஒட்டிக்கொண்டு ஐநூறு வரி வந்திருக்கிறதா? பக்கத்துக் கட்டத்தில் முதல் வரிக்கு மட்டும் பெயரைத் தனியாக அடியுங்கள். கீழ்க் கட்டத்துக்கு வந்து கண்ட்ரோலும் 'ஈ'யும் சேர்த்து அழுத்துங்கள். நீங்கள் செய்ததைப் பார்த்து மீதி 499 வரியையும் எக்செலே பிரித்துவிடும். 2013 பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. பதிவேட்டில் இன்றைய தேதி வேண்டுமென்றால் கண்ட்ரோலும் அரைப்புள்ளியும்.

கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி தெரியாதவர் இல்லை. வெட்டி ஒட்டும் அந்த முறையைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் லாரி டெஸ்லர். 1970-களில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில். 2020 பிப்ரவரியில் இறந்துபோனார். நம் தெருவில் ஜெராக்ஸ் என்றால் நகல் எடுக்கும் கடை; கணினியின் நகலும் அதே வீட்டில்தான் பிறந்தது. ஆனால் கண்ட்ரோல் சி கடைசியாக எடுத்த ஒன்றை மட்டுமே நினைவில் வைக்கும். கண்ட்ரோலுக்குப் பதில் விண்டோஸ் விசையோடு 'வி'யை அழுத்துங்கள். முதல் தடவை அனுமதி கேட்கும், கொடுங்கள். அன்றிலிருந்து நீங்கள் நகலெடுத்த கடைசி 25 துண்டுகளும் வரிசையாக நிற்கும், வேண்டியதை எடுத்து ஒட்டலாம். தெரியாமல் மூடிய இணையப் பக்கம் திரும்ப வேண்டுமா, கண்ட்ரோல், ஷிஃப்ட், 'டி'. திரையில் ஒரு மூலையை மட்டும் படமெடுக்க விண்டோஸ், ஷிஃப்ட், 'எஸ்'. டீ குடிக்க எழுந்தால் விண்டோஸ், 'எல்', திரை பூட்டிக்கொள்ளும். கடைசியாக இதை ஏன் சொன்னேன் என்று பொது அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்குப் புரியும்.

வீட்டுப் பரணில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி கிடக்கிறதா? 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். சில ஆண்டுகளில் லட்சக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு வந்தது. திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது என்று ஓரம்கட்டியிருப்பீர்கள். பழைய இரும்புக்கடைக்கு எடை போடாதீர்கள். உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டு, லினக்ஸ் மின்ட் அல்லது லுபுண்டு போன்ற எடை குறைந்த இலவச இயங்குதளத்தை ஏற்றினால், பிள்ளை பாடம் பார்க்கவும் தட்டச்சு பழகவும் நன்றாகவே ஓடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத கணினி வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான். கம்பெனியில் ஐ.டி. பிரிவில் இருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பியைப் பிடியுங்கள். ஒரு சாயங்காலத்து வேலை.

இனி என் சொந்தக் கவலைக்கு வருகிறேன். இந்த இதழுக்கு வரும் படைப்புகளில் பாதி, திறந்தால் கட்டம் கட்டமாகவும் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகவும் நிற்கின்றன. எழுதியவர் பிழை செய்யவில்லை. டி.டி.பி. கடைகளில் இன்னும் உயிரோடு இருக்கும் பழைய எழுத்துருக்களின் வேலை அது. அவை ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் வேஷம் போட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடில் அடித்தால் உலகத்தில் எந்த போனிலும் கணினியிலும் தமிழாகவே தெரியும். கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தன் தரமாக அறிவித்துவிட்டது. கடைகள்தான் இன்னும் மாறவில்லை.

எப்படி அடிப்பது? ஆங்கில ஒலியில் அடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் அப்படியே தொடரலாம். நிறைய எழுதுகிறவர்களுக்கு நான் தமிழ் 99-ஐத்தான் சொல்வேன். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி உருவான விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். புள்ளியைப் பல இடங்களில் அதுவே வைத்துக்கொள்ளும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. 'பந்து' என்பதற்கு ப, ந, த, உ. ஒரு வாரம் விரல் தடுமாறும், அதற்கப்புறம் பேனாவைத் தேட மாட்டீர்கள். இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் இரண்டும் இலவசம். புதிய விண்டோஸில் தமிழ் 99 உள்ளேயே இருக்கிறது, செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் சேர்த்துக்கொண்டால் போதும். ஐபோனில் 2013-லிருந்தே தமிழ் 99-ம் அஞ்சல் முறையும் இருக்கின்றன. செல்பேசியில் தமிழ் அடிப்பதற்கு வழி திறந்தவர்களில் ஒருவர் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன். 1980-களில் முரசு மென்பொருளைத் தொடங்கியவர். அவருடைய செல்லினம் 2005 பொங்கல் சமயத்தில் சிங்கப்பூரில் வெளிவந்தது. அன்று நம் ஊரில் பலர் கையில் போனே கிடையாது.

அடிக்கவே வராது என்பவர்கள் பேசுங்கள். கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் எழுத்தாக விழும். 2017 முதல் தமிழுக்கு இந்த வசதி உண்டு. நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும், பேசியதை ஒருமுறை படித்துத் திருத்த வேண்டும். எழுதப் படிக்கக் கூச்சப்படும் பாட்டிகளிடம் போனைக் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். ஊர்க் கதை ஒன்று எழுத்தாகக் கிடைக்கும், நான் அச்சிடுகிறேன்.

கடைசியாக, விடுமுறை நாளுக்குச் சில விளையாட்டுகள்.

டி.வி. ரிமோட்டின் முன்முனையைப் போன் கேமராவுக்கு நேரே காட்டி ஏதாவது ஒரு பொத்தானை அழுத்துங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, திரையில் ஊதாவாக மினுக்கும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். மினுக்கினால் ரிமோட் நன்றாக இருக்கிறது, கோளாறு டி.வி.யில். மினுக்கவில்லை என்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். மெக்கானிக்கைக் கூப்பிடும் செலவு மிச்சம்.

ஜெர்மனியில் ஆஹன் நகரப் பல்கலைக்கழகத்தார் ஃபைஃபாக்ஸ் என்று ஓர் இலவச ஆப் கொடுக்கிறார்கள். புதிய ஆப் வேண்டாம் என்று சொன்னேன், இது ஒன்றுக்கு மட்டும் விலக்கு. போனுக்குள் ஏற்கெனவே இருக்கும் அதிர்வு, காந்தம், ஒலி உணரிகளைத் திறந்து பள்ளிக்கூட ஆய்வகமாக மாற்றிவிடும். வாஷிங் மெஷின் துணி பிழியும்போது போனை அதன் மேல் வைத்து, முடுக்கத்தின் அதிர்வெண்ணைப் பாருங்கள். 10 என்று உச்சம் காட்டினால் அதை 60-ஆல் பெருக்குங்கள். டிரம் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றுகிறது. பெட்டியில் போட்டிருக்கும் வேகம் உண்மைதானா என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். போன் கீழே விழாமல் பிடித்துக்கொள்வது பெரியவர்கள் பொறுப்பு.

எனக்கு மிகப் பிடித்தது கூகுள் எர்த்தில் இருக்கும் டைம்லாப்ஸ். 1984 முதல் ஆண்டுவாரியாகச் செயற்கைக்கோள் படங்களைக் கோத்து 2021-ல் வெளியிட்டார்கள். ஓரகடத்தைத் தேடி நிறுத்திவிட்டு ஓட விடுங்கள். புதரும் வயலும் ஏரியுமாக இருந்த நிலத்தில் ஒவ்வொரு வெள்ளைக் கூரையாக முளைக்கும். 2010-ல் ரெனோ நிசான், 2012-ல் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. ஆலை திறந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், எது எப்போது எழுந்தது என்று கூரையைக் காட்டிச் சொல்லலாம். அப்புறம் படத்தைக் கொஞ்சம் வடகிழக்கே நகர்த்தி மணிமங்கலம் ஏரியைப் பாருங்கள், அதிலிருந்து அடையாறு பக்கம் தண்ணீர் போகிற வழியைப் பாருங்கள், முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி நிரம்பின என்று பாருங்கள். 2015 டிசம்பரில் அங்கே ஏன் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது என்பதற்கு அந்தச் சில விநாடிப் படம் எந்தக் கட்டுரையையும்விட நன்றாகப் பதில் சொல்லும். மனை வாங்கப் போகிறவர்கள் புரோக்கரைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

இன்னும் பின்னால் போக வேண்டுமா? இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச நூலகத்தில் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' மூன்றாம் தொகுதியின் முதல் பகுதியைத் தேடுங்கள். ஹுல்ட்ஸ் பதிப்பித்து 1899-ல் வந்தது. அதில் மணிமங்கலத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. நம் ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள சோழர் காலக் கல்வெட்டுகள், ராஜாதிராஜன் காலத்தது உட்பட, வரிவரியாக அச்சாகியிருக்கின்றன. லோகமகாதேவி சதுர்வேதிமங்கலம் என்று நம் ஊருக்கு ஒரு பெயர் இருந்ததை அங்கே படிக்கலாம். ஸ்கேன் செய்த பெரிய புத்தகம், புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கண்ட்ரோலும் 'எஃப்'பும் அழுத்தி ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரை அடித்தால் நேரே கொண்டுபோய் விடும். புலிகேசியை நரசிம்மவர்மப் பல்லவன் தோற்கடித்த களங்களில் ஒன்றாக நம் ஊரைக் குறிக்கும் கூரம் செப்பேடு, அதே வரிசையின் முதல் தொகுதியில். போனில் இதைத் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளோடு கோயில் சுவரருகே நின்று, எந்தக் கல் எது என்று தேடிப் பாருங்கள்.

அடுத்த இதழில் இரண்டு பக்கம் உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறேன். உங்கள் போனிலோ கணினியிலோ நீங்களே கண்டுபிடித்த ஒரு வசதியை, எந்த மாடல், எந்த இடத்தில் தொட வேண்டும் என்ற விவரத்தோடு எழுதி அனுப்புங்கள். லைனில் வேலை செய்யும் சகோதரிகள் எழுதினால் முதலிடம். பத்து வரி போதும். யூனிகோடில் அனுப்புங்கள், ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பாதீர்கள். படத்தைப் பார்த்துத் திரும்ப அடிக்க இங்கே ஆள் இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்